வாசிப்பு கற்பித்தல், டிஜிட்டல் எழுத்தறிவு: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் பிடிக்கும் முறை

எம்.எட். ஆய்வேடு எழுதுகிறவர்களும், வகுப்பில் புது முறை ஒன்றைத் தொடங்குமுன் "இதற்கு ஆதாரம் உண்டா" என்று பார்க்க நினைக்கும் ஆசிரியர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். தேடுபெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் எந்தச் சொல்லைப் போடலாம் என்று யோசிக்கிறார்கள். இந்தத் துறையில் ஒரே பொருளுக்கு நாலு பெயர், ஒரே பெயருக்கு நாலு பொருள். சொற்கள் கைக்கு வந்துவிட்டால் மீதி இரண்டு மூன்று நாள் வேலைதான். வராவிட்டால் மாதக்கணக்கில் தேடினாலும் பொருந்தாத கட்டுரைகள்தான் குவியும்.

ஆய்வுத் தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. கீழே மேற்கோள் குறிக்குள் ஒலிப்படி தந்திருக்கும் தேடல் சொற்களை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் தாளில்

கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "டிஜிட்டல் வாசிப்பின் தாக்கம்" என்பது வெறும் தலைப்பு. "ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கதையை டேப்லெட்டில் படித்தால், அச்சுப் புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாகப் புரிகிறதா?" என்பது கேள்வி. இதில் நாலு துண்டு இருக்கிறது: யார், என்ன செய்கிறார்கள், எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம். தாளில் நாலு பத்தி போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மூன்று நான்கு மாற்றுச் சொற்களை எழுதுங்கள். பிள்ளைகள் என்றால் "யங் சில்ட்ரன்", "பிகினிங் ரீடர்ஸ்", "எர்லி கிரேட்ஸ்". டேப்லெட் என்றால் "இ-புக்", "டிஜிட்டல் புக்", "ஸ்கிரீன் ரீடிங்". பிறகு வரும் வேலை முழுக்க இந்தத் தாளை வைத்துத்தான்.

அதிகம் ஏமாற்றுவது "டிஜிட்டல் லிட்ரசி". 1997-ல் பால் கில்ஸ்டர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு பரவிய இந்தச் சொல்லை மூன்று கூட்டம் மூன்று பொருளில் எழுதுகிறது. திரையில் படித்துப் புரிந்துகொள்வதைச் சொல்வது ஒன்று. அதற்கு "டிஜிட்டல் ரீடிங்", "ஸ்கிரீன் ரீடிங்" என்று தேடுவதே நல்லது. இணையத்தில் கிடைத்த செய்தி நம்பத்தகுந்ததா என்று சோதிப்பது இரண்டாவது. அதற்கு "ஆன்லைன் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்", "லேட்டரல் ரீடிங்", "சோர்ஸ் எவால்யுவேஷன்". மூன்றாவது, கருவியை இயக்கத் தெரிவது. அது "ஐ.சி.டி. லிட்ரசி", "டெக்னலாஜிகல் லிட்ரசி" என்ற பெயர்களில் கிடக்கும். பழைய கட்டுரைகளில் "கம்ப்யூட்டர் லிட்ரசி". இவற்றில் எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் பொதுச் சொல்லைப் போட்டால் மூன்றும் கலந்து வரும்.

வாசிப்புப் பக்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே சொல்லே கட்சி கட்டும். "சயின்ஸ் ஆஃப் ரீடிங்", "ஸ்ட்ரக்சர்ட் லிட்ரசி" என்று தேடினால், எழுத்து-ஒலித் தொடர்பை முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிற தரப்பு வரும். "பேலன்ஸ்டு லிட்ரசி", "ஹோல் லாங்குவேஜ்" என்றால், பொருளுள்ள முழு வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்கிற எதிர்த்தரப்பு. இரண்டு பக்கமும் பொதுவாகப் புழங்கும் "டீகோடிங்", "வேர்டு ரெக்கக்னிஷன்", "ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்", "ஃபொனிக்ஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன்" போன்ற சொற்களோடு தொடங்குங்கள். (ஃபொனிக்ஸ் என்பது எழுத்தையும் அதன் ஒலியையும் இணைத்துக் கற்பிக்கும் முறை.) இன்னொரு வேடிக்கை: இங்கிலாந்தில் ரெடிங் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் பல்கலைக்கழகமும் ஆங்கில எழுத்தில் "ரீடிங்" என்றுதான் வரும். அந்தச் சொல்லைத் தனியாகப் போட்டால் அந்தப் பல்கலையின் வேளாண்மை ஆய்வு, வானிலை ஆய்வெல்லாம்கூட வந்து நிற்கும். அதனால் "ரீடிங்" எப்போதும் இன்னொரு சொல்லோடு சேர்ந்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும்.

எரிக்: முதல் கதவு

கல்வி ஆய்வுக்கென்றே இருக்கும் தரவுத்தளம் எரிக். அமெரிக்கக் கல்வித் துறையின் கீழ் 1960-களிலிருந்து இயங்குவது, முற்றிலும் இலவசம், கணக்குத் திறக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் பொதுவான குறிச்சொற்களை அங்கேயே போட்டு வைத்திருப்பதுதான் இதன் சிறப்பு. ஆசிரியர் தன் கட்டுரையில் எந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தாலும் குறிச்சொல் ஒன்றாக இருக்கும். இவற்றுக்கு "டிஸ்கிரிப்டர்" என்று பெயர்.

முகப்புப் பக்கத்தில் "தெசாரஸ்" (குறிச்சொற்களின் பட்டியல்) என்ற தாவலை அழுத்தி "ரீடிங்" என்று தேடுங்கள். "ரீடிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்", "பிகினிங் ரீடிங்", "ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்" என்று பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் திறந்தால் அந்தச் சொல்லுக்கு எரிக் கொடுக்கும் பொருள், அதைவிட விரிந்த சொல், குறுகிய சொல், தொடர்புடைய சொல் எல்லாம் இருக்கும். உங்கள் தாளில் உள்ள நாலு பத்தியையும் இங்கே ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் 20 நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிறகு தேடுபெட்டியில் "டிஸ்கிரிப்டர்" என்று சிறிய எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் மேற்கோள் குறிக்குள் சொல்லைக் கொடுங்கள். இரண்டு குறிச்சொற்களை இணைக்க "ஆண்ட்", மாற்றுச் சொற்களுக்கு "ஆர்". இரண்டையும் பெரிய எழுத்தில் அடிக்கும் பழக்கம் எல்லாத் தளத்திலும் கைகொடுக்கும். "ஆர்" போட்ட சொற்களை அடைப்புக்குறிக்குள் வைக்க மறக்காதீர்கள். மறந்தால் தேடல் வேறு பொருளில் ஓடும், பிழைச் செய்தியும் வராது.

முடிவுகள் வந்ததும் இடப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வகுப்பு நிலை, வெளியீட்டு வகை, இடம் என்று வடிகட்டிகள் இருக்கும். வெளியீட்டு வகையில் "இன்ஃபர்மேஷன் அனாலிசஸ்" என்பதைத் தேர்ந்தால் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரைகள் மட்டும் மிஞ்சும். புதிதாக வருகிறவர் தொடங்க வேண்டிய இடம் அதுதான். இட வடிகட்டியில் இந்தியாவையோ இலங்கையையோ தேர்ந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. "பியர் ரிவ்யூட் ஒன்லி" என்ற பெட்டியை டிக் செய்வது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு கட்டுரை சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்குப் போனதா என்ற விவரத்தை எரிக் 2004-லிருந்துதான் முறையாகக் குறித்து வருகிறது. டிக் செய்தால் 1980, 90-களின் அடிப்படைக் கட்டுரைகள் மறைந்துவிடும். பழையதைத் தேடும்போது டிக்கை எடுத்துவிட்டு, கட்டுரைக்கு எரிக் கொடுத்திருக்கும் எண்ணைப் பாருங்கள்: "இ.ஜே." என்று தொடங்கினால் இதழ்க் கட்டுரை, "இ.டி." என்றால் அறிக்கை, மாநாட்டு உரை போன்ற மற்றவை. 2025-ல் எரிக்கை நடத்தும் அமெரிக்க நிறுவனத்தில் பெரிய ஆட்குறைப்பு நடந்தது. அண்மைக் கட்டுரைகளுக்கு எரிக்கை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல.

கூகுள் ஸ்காலர்: சங்கிலி பிடிக்க

ஸ்காலரில் குறிச்சொல் கிடையாது. கட்டுரையின் உள்ளே எங்கே அந்தச் சொல் வந்தாலும் அள்ளிக்கொண்டு வரும். எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் 1,000-க்கு மேல் உங்களால் பார்க்கவும் முடியாது. அதனால் அதை முதல் தேடலுக்கு வைத்துக்கொள்ளாமல், ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்த பிறகு அதைப் பிடித்து முன்னும் பின்னும் நகரப் பயன்படுத்துங்கள்.

மேலே எழுதிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "யங் சில்ட்ரன்", "பேப்பர் அண்ட் ஸ்கிரீன்", "மெட்டா-அனாலிசிஸ்" மூன்றையும் தனித்தனி மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். ஃபுரெனெஸ், குசிர்கோவா, பஸ் மூவரும் 2021-ல் "ரிவ்யூ ஆஃப் எஜுகேஷனல் ரிசர்ச்" இதழில் எழுதிய கட்டுரை சிக்கும். 1 முதல் 8 வயதுவரை உள்ள குழந்தைகளை வைத்து நடந்த 39 ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துப் பார்த்தது அது. வெறுமனே அச்சுப் புத்தகத்தைத் திரைக்கு மாற்றினால் அச்சே மேல். கதைப்போக்கைப் புரியவைக்கும் சேர்க்கைகள் இருந்தால் திரை முந்துகிறது. சொற்பொருள் காட்டும் அகராதி வசதி சொல்வளத்துக்கு உதவினாலும் கதைப் புரிதலுக்கு உதவவில்லை. உங்கள் கேள்வியில் "எதை அளக்கிறோம்" என்ற துண்டு ஏன் இருந்தது என்பது இப்போது தெரியும்.

அதே தேடலில் டெல்காடோவும் மற்றவர்களும் 2018-ல் எழுதிய கட்டுரையும் வரும். 54 ஆய்வுகள், 1,70,000-க்கு மேற்பட்ட பங்கேற்பாளர்கள், அச்சுக்கு 0.21 விளைவு அளவில் (இரண்டு குழுவின் வித்தியாசத்தைத் திட்டவிலக்கத்தால் அளந்தது) சிறு சாதகம். "திரையைவிடத் தாளே மேல்" என்று எழுதுகிறவர்கள் அதிகம் காட்டுவது இதைத்தான். ஆனால் உள்ளே போய்ப் படித்தால், அந்தச் சாதகம் தகவல் கட்டுரைகளிலும், தகவலும் கதையும் கலந்தவற்றிலும் தெரிகிறது, நேரக் கட்டுப்பாடு இருந்தால் கூடுகிறது. கதை மட்டும் படித்தபோது வித்தியாசம் இல்லை. இரண்டாம் வகுப்புக் கதைப் புத்தகத்துக்கு இதை ஆதாரமாகக் காட்டினால் தேர்வாளர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார். ஆய்வுச்சுருக்கத்தைப் படித்துவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பின்னோக்கிப் போவது எளிது, கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியலைப் பாருங்கள். முன்னோக்கிப் போக, ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே இருக்கும் "சைட்டட் பை" இணைப்பை அழுத்துங்கள். பிறகு மேலே வரும் "சர்ச் விதின் சைட்டிங் ஆர்ட்டிகிள்ஸ்" பெட்டியை டிக் செய்து, அதற்குள் "இந்தியா" அல்லது "அக்‌ஷரா" என்று தேடுங்கள். (இரண்டாவது சொல் இந்திய எழுத்துமுறைகளின் எழுத்தைக் குறிப்பது.) இப்படி வடிகட்டும் வசதி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றிரண்டுதான் வருகிறது என்றால் தேடல் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் ஆய்வேட்டில் "ஆய்வு இடைவெளி" என்று எழுத அதுவே ஆதாரம்.

தமிழ் எழுத்துக்குப் பொருந்துமா?

வாசிப்பு ஆய்வின் பெரும்பகுதி ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளை வைத்து நடந்தது. அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் 2000-ம் ஆண்டு அறிக்கையும், அதையொட்டி ஏரி முதலானோர் 2001-ல் வெளியிட்ட ஃபொனிக்ஸ் தொகுப்பாய்வும் (38 ஆய்வுகள், சராசரி விளைவு 0.41) ஆங்கிலத்தைப் பற்றியவை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்குப் பல ஒலி. தமிழில் சிக்கல் வேறு: 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் என்று 247 வடிவங்கள், கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னும் பின்னும் மாறி நிற்பது. ஃபொனிக்ஸ் எண்களை அப்படியே தூக்கித் தமிழ் வகுப்பில் வைக்க முடியாது.

நம் பக்கத்து எழுத்துமுறைகள் பற்றித் தேட இரண்டு சொற்கள் தேவை: "அக்‌ஷரா", "ஆல்ஃபாசிலபரி" (மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்து ஒரே எழுத்தாகும் முறை). சொனாலி நாக் கன்னடக் குழந்தைகளை வைத்து 2007-ல் "ஜர்னல் ஆஃப் ரிசர்ச் இன் ரீடிங்" இதழில் எழுதிய கட்டுரை நல்ல நுழைவாயில். எழுத்துத் தொகுதி பெரிதாக இருப்பதால் அதைக் கற்று முடிக்கவே பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்புவரை ஆகிறது என்று காட்டியது அது. தமிழுக்கென்று புவனேஸ்வரி, படகண்ணாயா இருவரும் எழுதிய இயல் ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 2014 தொகுப்பில் இருக்கிறது. மற்ற இந்திய எழுத்துகளைவிடத் தமிழ் அகரவரிசை எழுத்துமுறைக்கு நெருக்கமானது என்பது அவர்கள் வாதம். கூட்டெழுத்துக்குப் பதில் புள்ளி வைக்கும் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். கன்னடம், மராத்தி வகுப்பறைகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த "லிரில்" திட்ட அறிக்கை 2017-ல் வந்தது, இலவசமாகக் கிடைக்கும்.

இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. ஒவ்வோர் ஆய்வேடும் அங்கே இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். முதலில் முடிவுரை இயலையும், அடுத்து ஆய்வுமுறை இயலையும் இறக்குங்கள், மற்றதைத் தேவைப்பட்டால் பார்க்கலாம். தமிழில் எழுதிய ஆய்வேடுகளில் ஒரு தொல்லை உண்டு. பல கோப்புகள் யூனிகோடு வருமுன் இருந்த எழுத்துருக்களில் தட்டச்சானவை, அல்லது வருடி ஏற்றிய வெறும் படங்கள். அவற்றில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படாது. நகலெடுத்து ஒட்டினால் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள் வரும். தலைப்பை ஆங்கில எழுத்தில், "வாசிப்பு", "வாசித்தல்", "படித்தல்" என்று ஒவ்வொரு விதமாகவும் போட்டுத் தேடுங்கள். தமிழ் எழுத்தில் தேடும் இடங்களில் ஊருக்கு ஊர் சொல் மாறுவதும் நினைவிருக்கட்டும். தமிழ்நாட்டில் "டிஜிட்டல்", "எண்ணிம", "மின்னணு". சிங்கப்பூரில் "மின்னிலக்க". இலங்கையில் "இலத்திரனியல்". இலங்கை இதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன் தளமும், சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறைகளுக்கு அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தின் ஆவணத் தளமும் பார்க்கத் தக்கவை.

பணம் கேட்டால்

கட்டுரையைத் திறக்க டாலரில் பணம் கேட்கும் பக்கம் வந்தால் அட்டையை எடுக்க வேண்டாம். இந்த வரிசையில் போங்கள். ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே "ஆல் வெர்ஷன்ஸ்" என்பதை அழுத்தினால், ஆசிரியர் தன் பல்கலைத் தளத்தில் ஏற்றிவைத்த பிரதி பல நேரம் அகப்படும். உலாவியில் "அன்பேவால்" என்ற இலவச நீட்சியைப் போட்டுக்கொண்டால், சட்டப்படியான இலவசப் பிரதி இருக்கும் கட்டுரைப் பக்கங்களில் பச்சைப் பூட்டுக் குறி தெரியும். இரண்டிலும் இல்லையென்றால், இலவசக் கட்டுரைகளைத் திரட்டி வைத்திருக்கும் "கோர்" தளம்.

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலை மாணவர்களுக்கு 2025 ஜனவரி முதல் இன்னொரு வழி திறந்திருக்கிறது. "ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை நிறுவனக் கணக்கு வழியாகப் படிக்கலாம். வாசிப்பு ஆய்வின் முக்கிய இதழ்கள் பலவும் இதில் உள்ள பெரிய பதிப்பகங்களுடையவைதான். பள்ளி ஆசிரியர்களுக்கு இது நேரடியாகக் கிடையாது, குறைதான். பக்கத்து அரசுக் கல்லூரி நூலகரிடம், உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

எதுவும் நடக்கவில்லையென்றால் கட்டுரையின் முதல் பக்கத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். மூன்று வரி போதும்: நீங்கள் யார், எந்தக் கட்டுரை, எதற்காக. பெரும்பாலான ஆய்வாளர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

இலவசப் பிரதியில் ஒன்றைக் கவனியுங்கள், அது முன்வரைவாக இருக்கலாம். கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளின் தமிழ், கணிதத் திறனை அளந்து, இல்லம் தேடிக் கல்வியின் பங்கையும் கணக்கிட்ட சிங், ரொமேரோ, முரளிதரன் ஆய்வு 2022-ல் வேலைத்தாளாக (இதழில் வருமுன் வெளியிடும் வரைவாக) வந்து, பிறகு இதழில் ஏறியது. இப்படிப்பட்டவற்றில் எண்ணை எடுக்கும்போது எந்த வடிவத்திலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். மதிப்பீட்டுக்குப் பின் எண்கள் மாறுவது சகஜம்.

கட்டுரை தேறுமா?

ஆய்வுமுறைப் பகுதிக்குப் போய் ஐந்து விவரம் தேடுங்கள்: எத்தனை பிள்ளைகள், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, எத்தனை வாரம் கற்பித்தார்கள், எந்த மொழி எழுத்து, எந்தத் தேர்வால் அளந்தார்கள். கடைசிக் கேள்வியில்தான் நிறைய கட்டுரைகள் விழும். ஆய்வாளரே தயாரித்த தேர்வு, தான் சொல்லிக்கொடுத்ததையே கேட்கும், அதனால் விளைவு பெரிதாகத் தெரியும். டிஜிட்டல் எழுத்தறிவில் இதைவிட மோசம். "இணையத்தில் தேட எனக்கு நன்றாகத் தெரியும்" என்று மாணவரே தனக்குப் போட்டுக்கொண்ட ஐந்து புள்ளி மதிப்பெண்ணைத் திறன் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பக்கத்தைக் கொடுத்து, இதை நம்பலாமா என்று செய்யவைத்து அளந்த ஆய்வுகளை முன்னால் வையுங்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் முன் தேர்வு, பின் தேர்வு மட்டும் வைத்த ஆய்வில், பிள்ளைகள் ஆறு மாதம் வளர்ந்ததும் சேர்ந்தே அளக்கப்படுகிறது.

இதழைப் பற்றிச் சந்தேகம் வந்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் மூடிவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்ற இதழ்களைச் சொல்லும் கேர் பட்டியலை 2025-ல் கைவிட்டுவிட்டது. அந்தப் பட்டியலில் இருந்ததாக ஓர் இதழ் இன்னும் விளம்பரம் செய்தால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த இதழ் என்றால், அப்படிப்பட்ட இதழ்களைச் சரிபார்த்துப் பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாட்பாட்டிடம் கட்டுரைப் பட்டியல் கேட்பவர்களுக்கு: மாற்றுச் சொற்கள் யோசிக்க அது நன்றாக உதவும். கட்டுரைப் பெயர் கேட்டால் இல்லாததையும் இருப்பதுபோல் தரும். உண்மையான ஆய்வாளர் பெயர், உண்மையான இதழ், கற்பனைத் தலைப்பு என்று கலந்து வருவதால் பார்த்தவுடன் பிடிபடாது. ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ. எண்ணையும் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண், 10 என்று தொடங்கும்) டி.ஓ.ஐ. தளத்தில் போட்டுத் திறந்து, தலைப்பும் ஆண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒன்றையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

எங்கே நிறுத்துவது

புதுச் சொல் போட்டுத் தேடினாலும், புதுக் கட்டுரையின் பட்டியலைப் பார்த்தாலும் ஏற்கெனவே எடுத்தவையே திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்தலாம். எடுத்தவற்றைச் சேர்த்து வைக்க ஸொட்டீரோ என்ற மென்பொருள் போதும், இலவசம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால் அதுவே எச்சரிக்கும். கூடவே ஒரு நோட்டில் அல்லது எக்செல் தாளில் ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, தளம், போட்ட சொற்றொடர் அப்படியே, வடிகட்டிகள், வந்த எண்ணிக்கை, எடுத்த எண்ணிக்கை. ஆறு மாதம் கழித்து வழிகாட்டி "எப்படித் தேடினீர்கள்" என்று கேட்கும்போது நீட்ட வேண்டியது இந்தத் தாளைத்தான்.